மொழி மாறிய கணக்குகள்

ஒரு மொழி வழக்கொழிந்தால் அம்மொழியில் ஆக்கப்பட்ட அறிவுச் செல்வம் என்னவாகும்? மக்கள் பேசும் மொழிகளுக்கு மட்டுமன்றிக் கணிப்பொறி மொழிகளுக்கும் பொருந்தும் வினா இது. இதற்கு விடை பகரும் வரலாறு ஒன்று உண்டு.

ஒரு பாலம் எவ்வாறு அதிரும், ஓர் அணுவின் ஆற்றல் நிலைகள் யாவை என்று அறிய விரும்புவோர் அணி எனப்படும் எண் கட்டங்களின் ஐகன் மதிப்புகளைக் காண வேண்டும். அதற்குரிய சிறந்த முறைகளை இங்கிலாந்தின் வில்கின்சனும் ஜெர்மனியின் ரைன்ஷும் அவர்களுடைய துணைவரும் 1960-களில் நிரல்களாக வகுத்தனர். நிரல் என்பது பொறிக்கு இடும் கட்டளைத் தொடர். ஆய்விதழில் ஒவ்வொன்றாக வெளிவந்த அவை 1971-இல் நூல் வடிவம் பெற்றன. அவற்றின் மொழி ஆல்கால் 60. அறிஞர் போற்றிய தெளிந்த மொழியே அது. ஆயினும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் கோலோச்சியது, ஐ.பி.எம். நிறுவனம் 1957-இல் வெளியிட்ட போர்ட்ரான்.

ஆகவே சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தார் அந்நிரல்களைப் போர்ட்ரானில் பெயர்க்க முற்பட்டனர். அத்தொகுப்பே ஐஸ்பேக்.

சொல்லுக்குச் சொல் மாற்றி முடிக்கும் வேலையன்று அது. அணியின் அளவை, நிரல் ஓடும்போதே தீர்மானிக்க ஆல்கால் இடம் தந்தது. அன்றைய போர்ட்ரானோ அளவை முன்கூட்டியே கேட்டது. எனவே அணியின் வரிசை அளவைத் தனியே தெரிவிக்கும் ஏற்பாடு துணை நிரல்களில் சேர்க்கப்பட்டது. மேலும், போர்ட்ரான் அணியைச் செங்குத்தாக, ஒவ்வொரு பத்தியாக நினைவகத்தில் அடுக்கும். அதைக் குறுக்கே படித்துச் செல்லும் நிரல் பிழையற்ற விடையே தரினும், பெரிய அணிகளில் மிகவும் தாமதிக்கும் என்பதை 1972-இல் க்ளீவ் மோலர் எடுத்துக்காட்டினார்.

பெயர்ப்பு சரியென்று பெயர்த்தவர் நம்பினால் போதாது. பொறிக்குப் பொறி எண்களின் நுட்பம் வேறுபட்டது. ஆதலால் 1971-இல் ஏறத்தாழ இருபத்து நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் தொகுப்பை அனுப்பிச் சோதித்தனர். பல்லாண்டுச் சோதனைக்குப் பின் 1976-இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.

பெயர்த்தோரின் நேர்மையும் போற்றத்தக்கது. இது இன்ன ஆல்கால் நிரலின் பெயர்ப்பு, அதன் ஆசிரியர் இன்னார், அது வெளிவந்த பக்கம் இன்னது என்று துணை நிரல்களின் முகப்பிலேயே பொறித்து வைத்தனர்.

பயணம் அத்துடன் நிற்கவில்லை. ஐஸ்பேக்கின் நிரல்களைத் துணைக்கொண்டு மோலர் 1970-களின் இறுதியில் மேட்லேப் என்பதைப் போர்ட்ரானில் ஆக்கினார். பின்னர் ஜாக் லிட்டிலும் ஸ்டீவ் பேங்கர்ட்டும் அதனைச் சி மொழியில் மாற்றி எழுத, 1984-இல் அது விற்பனைக்கு வந்தது.

இன்று ஆல்கால் 60-இல் நிரல் எழுதுவோர் மிக அரியர். அம்மொழியில் பிறந்த கணக்கு முறைகளோ மாணவர் மேசை வரை வந்து வாழ்கின்றன. தக்க வேளையில் பெயர்த்தவர்களும், பெயர்த்ததைச் சலியாது சோதித்தவர்களும் இருந்தமையே அதற்குக் காரணம்.