இரண்டு விமானங்களும் ஒரு கனவும்



கோலசிலாங்கூர் தோட்டப்புறப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் எதிர்கால ஆசை' என்னும் கட்டுரையை எழுதச் சொன்னேன். செம்பனை வெட்டுபவரின் மகன், "நான் விமான நிறுவனம் தொடங்குவேன்" என்று எழுதியிருந்தான். அதை வாசித்ததும் வகுப்பே சிரித்தது. "நம்மவர் ஏற்கெனவே தொடங்கியிருக்கிறார்கள்" என்றேன். "பிறகு என்ன ஆச்சு, டீச்சர்?" என்றான். நான் தயங்கினேன்; முடிவு இனிமையானதன்று.

ரவி அழகேந்திரன், கார்த்தியானி கோவிந்தன் என்னும் மலேசிய இந்துத் தம்பதியர் தொடங்கியது 'ராயானி ஏர்'. இருவர் பெயர்களின் பகுதிகளும் இணைந்து பிறந்த பெயர் அது. லங்காவியைத் தளமாகக் கொண்டு, இரண்டு போயிங் 737-400 விமானங்களுடன் 2015 டிசம்பர் 20இல் பறக்கத் தொடங்கியது. ஷரியா நெறியைப் பின்பற்றும் மலேசியாவின் முதல் விமான நிறுவனம் என்பதால் உலகச் செய்திகளிலும் இடம்பெற்றது.

இரண்டே விமானங்கள் உள்ள நிறுவனத்தில் ஒன்று பழுதானால் பாதிச் சேவை நின்றுவிடும். ஒரு தாமதம் அடுத்தடுத்த பயணங்களையும் தாமதமாக்கும். ராயானியில் தாமதங்களும் கடைசி நேர ரத்துகளும் பெருகின. கையால் எழுதிய ஏறுசீட்டுகள் நகைப்புக்குள்ளாயின. விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். 2016 ஏப்ரலில் சேவை நிறுத்திவைக்கப்பட்டது. ஜூன் 13இல் உரிமம் பறிக்கப்பட்டது. நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கான நிதி வலிமையும் நிருவாகத் திறனும் இல்லை என்று மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் கூறியது. பறந்த காலம் நான்கு மாதங்கள்கூட இல்லை.

விமானங்கள் குறைவாக இருந்தது மட்டுமே காரணமா? 2001இல் டோனி பெர்னாண்டஸ் ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கியபோது அதனிடம் இருந்தவையும் இரண்டு போயிங் விமானங்களே; 40 மில்லியன் ரிங்கிட் கடனும் உடன் வந்தது. ஆயினும் தரையிறங்கிய விமானம் சுமார் 25 நிமிடங்களில் மீண்டும் புறப்படுமாறு வேலையை ஒழுங்குபடுத்தினார்கள். அந்நிறுவனம் வளர்ந்தது.

இவ்விரண்டு வரலாறுகளையும் மறைக்காமல் அம்மாணவனிடம் கூறினேன். சற்று யோசித்தவன், "ஒரு விமானத்தைப் பழுதுபார்க்க எத்தனை பேர் வேண்டும், டீச்சர்?" என்று கேட்டான். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, நம்மவரின் வெற்றியை மட்டும் சொல்லி வளர்த்தால் பிள்ளைகளுக்குப் பெருமிதம் வரும். வீழ்ச்சியின் காரணத்தையும் சொன்னால் பொறுப்பும் வரும். கனவு காண்பவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவனுக்குக் கணக்கையும் கற்றுக்கொடுங்கள்.