குழந்தைப் பராமரிப்பு நிலுவை: அமெரிக்காவில் அரசு உதவி பெறும் குடும்பங்கள்

பிரிந்து வாழும் தந்தையோ தாயோ நீதிமன்ற ஆணைப்படி குழந்தைக்குத் தர வேண்டிய மாதத் தொகையில் செலுத்தாமல் விட்டதே நிலுவை. ஆணையிட்ட தொகையைக் கூட்டி, செலுத்தியதைக் கழித்தால் அது கிடைத்துவிடும். அந்தப் பணம் யாருக்குரியது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் வறிய குடும்பம் அரசின் ரொக்க உதவியைப் பெற வேண்டுமானால், பராமரிப்புத் தொகை பெறும் உரிமையை மாநிலத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். பராமரிப்பு வசூலுக்கான கூட்டாட்சித் திட்டம் 1975இல் தொடங்கியது. உதவித் திட்டம் 1996இல் திருத்தியமைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உதவி பெற்ற மாதங்களில் சேர்ந்த நிலுவை மட்டுமே மாநிலத்துக்குப் போகும். அதுவும் வழங்கிய உதவித் தொகையைத் தாண்டக்கூடாது.

மாதம் 300 டாலர் ஆணை, 10 மாதம் எதுவும் செலுத்தப்படவில்லை என்று கொள்வோம். மொத்த நிலுவை 3,000 டாலர். அதில் 6 மாதம் குடும்பம் மாதம் 250 டாலர் உதவி பெற்றது. அம்மாதங்களின் நிலுவை 1,800 டாலர். ஆனால் உதவி 1,500 டாலர்தான். எனவே மாநிலத்தின் பங்கு 1,500. மீதி 1,500 குடும்பத்துக்கே.

உதவி பெறும் காலத்தில் வசூலாகும் தொகையில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கே விட்டுக்கொடுக்க மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. ஒரு குழந்தைக்கு மாதம் 100 டாலர், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 200 டாலர் வரை விட்டால், கூட்டாட்சி அரசு அந்தத் தொகையில் தன் பங்கைக் கேட்பதில்லை. பல மாநிலங்கள் எதையும் விடுவதில்லை. தந்தை செலுத்திய பணம் குழந்தையை எட்டாமலே போவது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை. தவணை தவறியதும் நிலுவை தீர்ப்புக்குச் சமமாகிவிடுகிறது; 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, பின்னர் வேலை இழந்ததைக் காட்டி நீதிமன்றமும் அதைக் குறைக்க முடியாது.