ஒரே அரிசி, இரண்டு கணக்கு

பர்மா என்றதும் நமக்கு நகரத்தார் வட்டிக்கடையும், செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணும் ஞாபகம் வரும். நான் சொல்லவருவது அதைவிடச் சின்ன விஷயம்: வணிகப் புள்ளிவிவர அட்டவணையில் இடம் மாறிய ஒரு வரி.

1886 முதல் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி, 1937 ஏப்ரல் 1 அன்று அது தனியாகப் பிரிந்தது. இரண்டையும் ஆண்டது அதே பிரிட்டிஷ்காரர்கள்தான். ஆனா கணக்குப் புத்தகம் ஒரே நாளில் மாறிவிட்டது.

மார்ச் 31 வரை ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்த அரிசி மூட்டை 'கடலோர வணிகம்'. அதாவது உள்நாட்டுச் சரக்கு. மறுநாளிலிருந்து அதே மூட்டை வெளிநாட்டு இறக்குமதி! மண்ணெண்ணெய், தேக்கு எல்லாத்துக்கும் இதே கதை. இங்கிருந்து அங்கே போன துணி, சணல் சாக்கு, நிலக்கரி ஏற்றுமதி ஆகிவிட்டன. ரங்கூனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன அரிசியோ இந்தியக் கணக்கிலிருந்தே காணாமல் போனது.

அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அரிசியை ஏற்றுமதி செய்த நாடு, திடீரென்று இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. விளைச்சல் படுத்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் வயல்ல எதுவும் நடக்கல.

வணிகமும் உடனே முறியவில்லை. குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பழையபடி தீர்வையில்லாமல் சரக்கு போய்வர ஏற்பாடு இருந்தது. 1941-ல்தான் அதற்குப் பதிலாக வர்த்தக ஒப்பந்தம் வந்தது. பர்மாவுக்கான ரூபாய் நோட்டைக்கூட இந்திய ரிசர்வ் வங்கிதான் வெளியிட்டது. முதலில், இந்திய நோட்டிலேயே 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அப்படியானால் இது வெறும் எழுத்தர் வேலையா? இல்லைங்க. பழைய கணக்கு ஒன்றை மறைத்து வைத்திருந்தது. பர்மாவைக் கழித்துப் பார்த்தால், இந்தியா தன் தேவைக்கு அரிசி போதாத நாடு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. 'இந்திய ஏற்றுமதி' என்ற தலைப்புக்குள் இந்தப் பற்றாக்குறை ஒளிந்திருந்தது. புதுக் கணக்குதான் அதை வெளியே காட்டியது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அரிசி வரத்து நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் இலங்கையும் தவித்தன. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். அதற்குக் காரணங்கள் பல. பர்மா அரிசி நின்றது அதில் ஒன்று.

1947-லும் இதேதான் நடந்தது. கிழக்கு வங்காளத்துச் சணல், கல்கத்தா ஆலைகளுக்கு வெளிநாட்டுச் சரக்காகிவிட்டது.

அதனால், 1901 முதல் 1950 வரை இந்திய வணிகம் என்று ஒரு வரைபடம் கண்ணில் பட்டால், கோடு ஏன் ஏறுது, ஏன் இறங்குதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, அந்தந்த வருஷத்தில் 'இந்தியா' என்பது எதுவரைக்கும்னு பாருங்க.