தோட்ட வாரியம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரைப் பார்க்க வருகிறவர்கள் குடவோலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், சதுர்வேதிமங்கலத்துச் சபை செய்துகொண்ட ஏற்பாடு அது. குடும்புகள் 30. ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, எதில் யார் பெயர் என்று அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தார்கள். இதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று சொல்லிக்கொள்வது நமக்குப் பழகிவிட்ட பெருமிதம்.

அந்த வாசகத்தில் என்னை நிறுத்துவது வேறொரு சொல்: தோட்ட வாரியம். தேர்ந்த முப்பது பேரில் 12 பேர் ஸம்வத்ஸர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். வயிரமேக தடாகம் போன்ற பெரிய ஏரி இருந்த ஊரில், ஏரியைவிடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆட்கள். தோட்டம் என்றால் பூந்தோட்டம் மட்டும் என்று குறுக்கவேண்டியதில்லை. ஆனால் வயலுக்குப் போகத்துக்கு ஒரு அறுவடை, தோட்டத்துக்கு அன்றாடம் அறுவடை என்ற வித்தியாசத்தை அந்தச் சபை உணர்ந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது.

மல்லித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். கார்த்திகைக் கடைசியில் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கவாத்து செய்கிறார்கள். பிறகு எரு, களையெடுப்பு, பாய்ச்சல். பங்குனியில் பூ பிடித்தால் ஆடிவரை விடாது. விடியுமுன் மொட்டாகப் பறித்தாகவேண்டும். விரிந்த பூவுக்கு விலை இல்லை. தையில் முகூர்த்தங்கள் வந்து விலை ஏறும்போது செடி மொட்டையாக நிற்கும். கோடையில் செடி நிறையும்போது விலை சரியும். சில நாள் பறிகூலிக்கே கட்டாமல் பூவைச் செடியில் விட்டுவிடுவதும் உண்டு.

இந்த வேலையைச் செய்தவர்கள் குடத்துக்குள் இருந்தார்களா? இல்லை. பெயர் எழுதப்படக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். வேதமும் பாஷ்யமும் ஓதியவனுக்கு அரைக்கால் வேலி போதும். சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். திருடனுக்கும் மகாபாதகம் செய்தவனுக்கும்கூட அந்த விலக்குப் பட்டியலில் ஒரு வரி கிடைத்தது. பூப்பறிக்கிறவளுக்கு அதிலும் இடமில்லை. விலக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

இதைச் சொல்லிச் சோழர் காலத்தின்மேல் தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். நான் வங்கிக் குமாஸ்தா. பயிர்க்கடன் மனுவோடு சிட்டாவும் அடங்கலும் வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு மார்கழியில், கவாத்துக் கூலிக்குப் பணம் வேண்டி ஒரு அம்மாள் வந்தாள். அரை ஏக்கர் மல்லி, வாய்வழிக் குத்தகை. காகிதம் ஒன்றும் இல்லை.

“நெலந்தான் அவங்களுது சார். பூ என்னுது” என்றாள்.

மனுவில் பூவுக்குக் கட்டம் இல்லை. நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

கல்வெட்டை மறுபடி போய்ப் படித்தேன். ஓலையில் பெயர் எழுதும் விதிகள் அதில் துல்லியமாக இருக்கின்றன. எழுதுகிறவன் அந்த விதிகளில் ஒரு பிழையும் செய்யவேண்டியதில்லை. நானும் செய்யவில்லை.