குப்பைத்தொட்டியில் விழுந்த இமைகள்

1968 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், மிஸ் அமெரிக்கா போட்டி நடந்த அரங்குக்கு வெளியே பெண்கள் கூடி ஒரு குப்பைத்தொட்டியை வைத்தார்கள். ‘விடுதலைக் குப்பைத்தொட்டி’ என்று அதற்குப் பெயர். உள்ளாடைகள், குதிகால் செருப்புகள், முடி சுருட்டும் உருளைகள், பெண்கள் பத்திரிகைகள் எல்லாம் அதில் விழுந்தன. (பிராக்களை எரித்தார்கள் என்பது பிறகு கட்டிய கதை. அன்று அங்கே எதுவும் எரியவில்லை.) என்னென்ன கொண்டுவந்து போடலாம் என்று போராட்ட அழைப்பில் கொடுத்திருந்த பட்டியலில் பொய் இமையும் இருந்தது.

முதுகலை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்வேன். உற்சாகமாகத்தான் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அந்த ஐலேஷ எல்லாம் யாரும்மா செஞ்சது?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா சீப்பில் உதிரும் முடியைச் சுருட்டிச் சேர்த்துவைத்து, தெருவில் முடி வாங்க வருபவரிடம் கொடுத்துப் பாத்திரம் வாங்குவாராம். அந்த முடி எங்கே போகிறது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கேள்வி. “சவுரி செய்வாங்கன்னு அம்மா சொல்லும். ஐலேஷும் முடிதானேம்மா?”

என்னிடம் பதில் இல்லை. அதுவரை பொய் இமையை ஒரு குறியீடாக மட்டுமே பார்த்திருந்தேன். கவிதை எழுதுகிறவளுக்குக் குறியீட்டின் மீது பிடிப்பு அதிகம். அதை ஒருத்தி உட்கார்ந்து முடிந்திருப்பாள் என்று தோன்றவே இல்லை.

தேடத் தொடங்கியது ஒரு புகைப்படத்திலிருந்து. அந்தத் தொட்டியில் இமைகள் விழுந்த காலத்தில், அவற்றுக்கு உலகிலேயே பெரிய விளம்பரம் ட்விக்கியின் கண்கள். வடக்கு லண்டனில் வளர்ந்த லெஸ்லி ஹார்ன்பி என்ற பெண்ணுக்கு 1966-இல் வயது 16. முடியைக் குட்டையாக வெட்டியவர் லெனார்ட், படம் எடுத்தவர் பேரி லேட்டகன். ஃபேஷன் புகைப்பட வரலாறு இருவர் பெயரையும் மறக்காமல் சொல்கிறது. அந்தக் கண்ணை வடிவமைத்தது யார்? அவளேதான். மேலிமையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பொய் இமைகள். கீழே, தோலின் மீதே தூரிகையால் ஒவ்வொன்றாக வரைந்த கோடுகள். தன்னிடம் இருந்த ஒரு பொம்மையைப் பார்த்துச் செய்ததாக அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். போட்டு முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம்.

அன்றைய மாடல்களில் பெரும்பாலோர் தங்கள் ஒப்பனையைத் தாங்களே செய்துகொண்டவர்கள். இமை, பசை, சவுரி, செருப்பு எல்லாம் அடைத்த பெரிய பையைத் தூக்கிக்கொண்டுதான் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். பத்திரிகையில் ஒப்பனைக் கலைஞர் என்று ஒரு பெயர் வராததற்குக் காரணம், அப்படி ஒருவர் இல்லாததுதான். மாடலின் வேலையில் அதுவும் அடக்கம். அவளைப் பற்றி எழுதியவர்கள் ‘குழந்தைக் கண்கள்’ என்று எழுதினார்கள், அது பிறவியில் வந்ததுபோல. 1967-இல் யார்ட்லி நிறுவனம் ட்விக்கி பெயரிலேயே பொய் இமை விற்றது. அதைக் கண்டுபிடிப்பு என்றா சொன்னார்கள்? அழகு என்றார்கள்.

கேமராவுக்கு இமை ஏன் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து அடிக்கும் பலமான வெளிச்சம் கண்ணைத் தட்டையாக்கிவிடும். இயல்பான இமைமுடியின் நுனி மெல்லியது, அச்சில் காணாமல் போய்விடும். பொய் இமையின் அடிப்பட்டை கண்ணோரத்தில் கறுப்புக் கோடாகப் பதிகிறது, மேல்முடிகள் சிறிய நிழலைத் தருகின்றன. 1950 ஜனவரி ‘வோக்’ அட்டையில் எர்வின் புளூமன்ஃபெல்ட், ஜீன் பாட்செட்டின் முகத்தில் ஒரு கண், புருவம், உதடு, ஒரு மச்சம் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளுப்பாக்கி அழித்தார். பெண்ணின் முகமே இல்லாமல் கண் மட்டும் நிற்கலாம் என்று ஆனபின், அந்தக் கண் எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும்!

பொய் இமையை உருவாக்கியவர் திரைப்பட இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். 1916-இல் வந்த ‘இன்டாலரன்ஸ்’ படத்துக்காக ஒரு விக் தொழிலாளியைக்கொண்டு மெல்லிய வலைத்துணியில் மனித முடியைக் கோத்து, நடிகை சீனா ஓவனின் இமையில் ஒட்டவைத்தார். அதற்கு 5 ஆண்டுகள் முன்பே, 1911-இல், கனடாவைச் சேர்ந்த ஆனா டெய்லர் என்ற பெண் செயற்கை இமைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஒருநாள் சீனா ஓவனின் கண்கள் கிட்டத்தட்டத் திறக்கமுடியாத அளவுக்கு வீங்கிப்போயின என்று சக நடிகை லில்லியன் கிஷ் தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். நல்லவேளையாக, வேண்டிய காட்சிகளைக் கிரிஃபித் முன்பே எடுத்துவிட்டாராம். யாருக்கு நல்லவேளை?

சென்ற ஆண்டு, பட்டுப்புடவை விளம்பரம் ஒன்றுக்கான படப்பிடிப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒப்பனை செய்தவள் என்னிடம் இளங்கலை படித்தவள். பெட்டியில் வரும் இமையை அவள் அப்படியே ஒட்டுவதில்லை. மூடிய கண்ணின் மீது வைத்து அளந்து, மிஞ்சியதை வெளிப்பக்கத்திலிருந்து வெட்டுகிறாள். உள்மூலையில் நீண்டிருந்தால் குத்திக்கொண்டே இருக்கும். பிறகு அதை மூன்று துண்டாக்குகிறாள். முழுப் பட்டையாக இருந்தால் மாடல் சிரிக்கும்போது ஓரம் எழும்பிவிடும். பசை தடவி அரை நிமிடம் காத்திருந்து, அது ஒட்டும் பதத்துக்கு வந்தபின், “மடியைப் பாரும்மா” என்று சொல்லி, முதலில் நடுவில் அழுத்தி, பிறகு இரு மூலைகளையும் படிய வைக்கிறாள். நடுவில் நீளம் வைத்தால் கண் உருண்டையாகத் தெரியும், ஓரத்தில் வைத்தால் நீண்டு தெரியும்.

அன்று புகைப்படக்காரருக்கு மணப்பெண்ணின் தாழ்ந்த பார்வை வேண்டும். “நிமிர்ந்த கண்ணுக்கு அடர்த்தி வேணும்மா, குனிஞ்ச கண்ணுக்கு நீளம் வேணும்” என்றாள். குனியும்போது இமையின் வேர்ப்பகுதி கேமராவுக்குத் தெரிந்துவிடும் என்பதால் பட்டை மெல்லியதாக இருக்க வேண்டும், இடைவெளியை ஐலைனரால் அடைக்க வேண்டும். நாணத்தைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். அது இத்தனை மில்லிமீட்டர் என்று அன்றுதான் பார்த்தேன். மாடலின் கண்ணில் நீர் கட்டியது. “ரெண்டு கதவு மாட்டின மாதிரி இருக்குக்கா” என்று சிரித்தாள். படத்துக்கு இடையிடையே என் மாணவி ஓடிப்போய், எழும்பிய நுனியை ட்வீசரால் படிய வைத்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் வெளிவந்தபோது அதில் கடையின் பெயர் மட்டும் இருந்தது.

அவள் சினிமாப் பக்கம் போகாததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியத் திரைத்துறையில் பெண்களுக்கு முடி அலங்காரம் மட்டும்தான் என்று இருந்தது. ஒப்பனைக் கலைஞராகப் பெண்களைத் தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகள் சேர்க்கவில்லை. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. பொய் இமையை ஒட்டிக்கொள்ளும் கண் பெண்ணுடையதாக இருக்கலாம், சம்பளத்துக்கு ஒட்டும் கை பெண்ணுடையதாக இருக்கக்கூடாது!

இனி அந்த மாணவியின் கேள்வி. 1960களின் பிற்பாதியில் தென்கொரியாவின் முக்கியமான ஏற்றுமதிப் பொருள்களில் விக்கும் பொய் இமையும் இருந்தன. 1965-இல் அமெரிக்கா சீன முடியாலான விக்குகளுக்குத் தடை விதித்தது, கொரியத் தொழிலுக்கு வழி திறந்தது. கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் தொழிற்சாலைகளில் உட்கார்ந்து முடிந்தார்கள். இமை செய்வது என்றால், இழுத்துக் கட்டிய நூலில் முடியை ஒன்றொன்றாக முடிச்சிட வேண்டும். பிறகு மெல்லிய உருளையில் சுற்றிச் சூடேற்றி வளைவு கொடுக்க வேண்டும், நுனிகளை வெட்டிச் சீராக்க வேண்டும். கண்ணை இடுக்கிக்கொண்டு செய்யும் வேலை.

விக் செய்த ஒய்.எச். நிறுவனம் 1979-இல் மூடப்பட்டபோது, ஏறத்தாழ இருநூறு பெண் தொழிலாளர்கள் சோலில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் அமர்ந்தார்கள். ஆகஸ்ட் 11 விடியலுக்கு முன் போலீஸ் புகுந்தது. 21 வயது கிம் கியோங்சுக் இறந்துபோனார். அந்தக் கொதிப்பு அடங்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவரின் பதவிப் பறிப்பு, பூசான், மாசான் நகரங்களின் எழுச்சி என்று வளர்ந்தது. அக்டோபர் 26 அன்று சர்வாதிகாரி பார்க் சுங்ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். ஒப்பனைப் பொருள் என்று நாம் ஒதுக்கும் ஒன்றை முடிந்த கைகள் ஓர் ஆட்சியை ஆட்டிவைத்தன என்பதை நான் எந்தப் பெண்ணியப் பாடத்திட்டத்திலும் படித்ததில்லை. நடத்தியதும் இல்லை.

இன்று அந்த வேலை பெருமளவு சீனாவின் பிங்டு வட்டாரத்திலும் இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் உள்ள புர்பலிங்காவிலும் நடக்கிறது. புர்பலிங்காவின் கிராமங்களில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு முடிகிறார்கள். பெரும்பாலும் செயற்கை இழை, மனித முடியும் உண்டு. திருப்பதியிலும் பழனியிலும் இறக்கும் முடியும், அந்த மாணவியின் அம்மா பாத்திரத்துக்குக் கொடுக்கும் சீப்பு முடியும் போய்ச் சேர்வது இதே உலகச் சந்தையில்தான்.

அன்றைய படப்பிடிப்பு முடிந்ததும், என் மாணவி பஞ்சில் எண்ணெய் தொட்டு, மாடலின் இமையை ஓரத்திலிருந்து மெல்லக் கழற்றினாள். இரண்டு முறையாவது மறுபடி பயன்படுத்தலாமாம். ஒட்டியிருந்த பசையை நீக்கி வெள்ளைத்தாளில் வைத்தாள். குனிந்து பார்த்தேன். கறுப்பு நூலில் வரிசையாக முடிச்சுகள். ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தது.

படமெடுத்து, அன்று கேள்வி கேட்டவளுக்கு அனுப்பினேன். அவள் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. “எந்த ஊர்னு போட்டிருக்காம்மா?” என்று உடனே பதில் வந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ‘கையால் செய்தது’ என்று மட்டும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள்.