எபிரேய விவிலியத்தில் கடவுளின் சினம்

எபிரேய விவிலியத்தில் கடவுளின் சினம் என்பது, அநீதி, சிலைவழிபாடு, உடன்படிக்கை மீறல் முதலியவற்றின் மீது இசுரயேலரின் கடவுளாகிய யாவே கொள்வதாக அந்நூல் தொகுதி சித்தரிக்கும் கோபத்தைக் குறிக்கும். யூதர்களின் திருநூலான இத்தொகுதியைக் கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என்பர்.

சொற்பொருள்

சினத்தைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுள் முதன்மையானது "அஃப்" ஆகும். இதன் நேர்ப்பொருள் மூக்கு. சினம் கொள்வதை "மூக்கு எரிதல்" என்றும், எளிதில் சினவாத பொறுமையை "நீண்ட மூக்கு" என்றும் அம்மொழி குறிப்பிடும். விடுதலைப் பயண நூலின் (யாத்திராகமம்) 34ஆம் அதிகாரம் கடவுளின் பொறுமையைக் கூற இந்த இரண்டாவது தொடரையே கையாளுகிறது.

சமூகப் பின்னணி

அந்நூலின் 22ஆம் அதிகாரச் சட்டங்களின்படி, கைம்பெண்களையும் தந்தையற்ற பிள்ளைகளையும் ஒடுக்குவோர் மீது கடவுளின் சினம் மூளும். நிலமும் பாதுகாப்பும் பெரும்பாலும் ஆண் உறவினர் வழியாகவே கிடைத்த அச்சமூகத்தில், இவர்களுக்காக வழக்காட ஆள் இருப்பது அரிது. கடவுளே அவ்விடத்தில் நிற்பதாகச் சட்டம் கூறுகிறது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட நாடான இசுரயேலில் இறைவாக்குரைத்தவர் ஆமோஸ். அவரது நூல் அண்டை நாடுகளின் குற்றங்களை முதலில் அடுக்கி, பின்னர் இசுரயேலை நோக்கித் திரும்புகிறது. ஏழைகளைப் பணத்துக்கு விற்றதும், கள்ளத் தராசு பயன்படுத்தியதும் அதில் கண்டிக்கப்படுகின்றன.

அரசியற் பின்னணி

கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது, கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேம் கோவிலை அழித்தனர். இத்தோல்விகளை யாவேயின் வலுவின்மையாகக் கொள்ளாமல், அவரது சினத்தின் விளைவாக விவிலிய ஆசிரியர்கள் விளக்கினர். இவ்வகை விளக்கம் இசுரயேலருக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேசா கல்வெட்டு, மோவாபு நாடு இசுரயேலுக்கு அடிமைப்பட்டதற்குக் காரணம் மோவாபியரின் தெய்வமான கெமோசு தன் நாட்டின் மீது கொண்ட சினமே என்கிறது. இக்கல்வெட்டு 1868இல் இன்றைய யோர்தானிலுள்ள திபானில் அறியப்பட்டது.

மாற்றுப் பார்வைகள்

துன்பம் யாவும் பாவத்தின் தண்டனை என்னும் கருத்தை விவிலியமே கேள்விக்கு உட்படுத்துகிறது. யோபு நூலின் இறுதியில், யோபுவின் துன்பத்துக்கு அவரது பாவமே காரணம் என வாதிட்ட நண்பர்கள் மீதே கடவுள் சினங்கொள்கிறார்.

இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிடிசு (இறப்பு: 1204), கடவுளுக்கு மனித உணர்ச்சிகளைக் கற்பிக்கும் சொற்களை நேர்ப்பொருளில் கொள்ளலாகாது என்றார். ஆபிரகாம் யோசுவா ஹெசெல், இறைவாக்கினர் பற்றி 1962இல் வெளியிட்ட நூலில், இச்சினம் மனிதர் மீதான அக்கறையின் வெளிப்பாடு என்றும், தீமையைக் கண்டும் காணாதிருப்பதற்கு நேர்மாறானது என்றும் விளக்கினார்.