மங்கிய வெயிலும் சாயக் கலமும்

நெய்யாறு கடலிற் கலக்கும் இடத்தில், பாறசாலைக்கு மேற்கே, பூவார் என்னும் ஊர் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லை எதுவாயினும் வானம் ஒன்றே. ஆனியில் ஒரு பருவமழை, ஐப்பசியில் மற்றொன்று என இக்கரையில் ஆண்டுக்கு இருமுறை வெயில் மங்குகிறது. இத்தகைய வெயிலை நம்பி மின்சாரம் எடுக்க இயலுமா?

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கன் கலத்தைச் செய்துகாட்டினார்கள். விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்சாரமாக்கிற்று. இன்று கூரைகளில் காணும் தகடுகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. இவற்றின் திறனைச் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியிலும், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் அளக்கிறார்கள். பூவார் மணலில் நண்பகலில் நின்று பார்த்தவர் இந்த அளவுகோலைக் கண்டு நகைப்பர்! ஒளி நிறைந்தால் தகடும் கொதிக்கிறது; ஏறும் டிகிரி ஒவ்வொன்றுக்கும் அதன் ஆற்றல் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப்பங்கு குறைகிறது. மேகம் கவிந்தாலோ மின்னோட்டம் சுருங்குகிறது. மேலும் இருண்டால் மின்னழுத்தமும் தளர்கிறது.

1991இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து வேறொரு கலம் பற்றிய செய்தி வந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூளை நுண்துளைப் படலமாகக் கண்ணாடியின்மேல் படியச் செய்து, ஓரீகனும் கிரெட்செலும் அதனைச் சாயத்தில் தோய்த்தார்கள். ஒளி பட்டதும் சாயம் தன் எலக்ட்ரானைத் தூளுக்கு ஈகிறது. இழந்ததை அயோடின் கலந்த திரவம் ஈடுசெய்கிறது. இலையின் பச்சையம் ஒளியைப் பற்றும் செயலை ஒருவாறு ஒத்தது இது. நேர்வெயிலுக்கு ஒப்பான ஒளியில் நூற்றுக்கு 7 முதல் 8 பங்கு வரை தந்த அக்கலம், சிதறிய பகலொளியில் 12 பங்கு தந்தது. மங்கலில் மின்சாரம் மிகுதியாக விளைந்தது என்பதன்று இதன் பொருள். கிடைத்த சிறிது ஒளியும் வீணாகவில்லை என்பதே.

அவ்வெள்ளைத் தூளின் மூலப்பொருள் நம் தென்கரைக்குப் புதியதன்று. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணலின் பெயர் அதனால் உலகெங்கும் பரவிற்று. அதே மணலில் இல்மனைட்டும் உண்டு. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுப்பதற்கென்றே 1946இல் திருவனந்தபுரத்தில் ஓர் ஆலை நிறுவப்பெற்றது. மணல் அள்ளப்படும் கரையில் வாழ்வோரின் கவலையையும் கணக்கிற் சேர்த்த பின்னரே ஒரு கலத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று கூறுதல் தகும்.

சாயக் கலத்திற்கும் குறைகள் உண்டு. திரவம் கசிகிறது, கொடிய வெயிலில் சாயம் கெடுகிறது. எனவே கூரைக்கு இன்றும் சிலிக்கனே ஏற்றது. பூவாரிலிருந்து தலைநகர் செல்லும் வழியில் பாப்பனங்கோட்டிலுள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடத்தார், அறையின் விளக்கொளியிலே இயங்கும் சாயக் கலங்களை உருவாக்கி வருகிறார்கள்.